பட்டை போடாத வரலட்சுமி

மெமரி கார்டை வாங்கியதும் வரலட்சுமி முதலில் அதை ஊதுகிறார். பிறகு முந்தானையில் துடைக்கிறார். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பார்க்கிறார். நகத்தைவிடச் சின்னதான அந்தக் கறுப்புத் துண்டில் வெளியிலிருந்து பார்க்க எதுவும் இல்லை என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் பார்ப்பார். பார்த்து முடித்துவிட்டு, கார்டைக் கொடுத்த ஆளை ஒரு பார்வை பார்ப்பார்.

"உள்ள முக்கியமானது எதுனா கீதா? அப்புறம் அழிஞ்சி பூட்ச்சின்னு இங்க நின்னுகினு அழக் கூடாது, ஆமா."

இல்லை என்று அந்த ஆள் தலையாட்டிய பிறகுதான் கார்டு கம்ப்யூட்டருக்குள் போகும்.

கோவளம் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச் சந்தில், பிரியாணிக் கடைக்கும் வலைக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய மொபைல் கடை. ரீசார்ஜ், கவர், சார்ஜர் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் ஆட்கள் வரலட்சுமியைத் தேடி வருவது பட்டன் போனில் வீடியோ ஏற்றிக்கொள்ள. டச் போனில் எடுத்த கல்யாணம், காதுகுத்து, தீமிதி எதையும் பட்டன் போன் அப்படியே வாங்கிக்கொள்ளாது. முடியாது என்று ஒரு வரி காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அந்தப் போனுக்குச் செரிக்கிற மாதிரி வீடியோவைச் சின்னதாக மாற்றித்தர வேண்டும். வரலட்சுமி இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கன்வெட்டு'.

இந்தக் காலத்திலும் யார் பட்டன் போனில் வீடியோ பார்க்கிறார்கள் என்று நானும்தான் கேட்டேன். அந்தக் கடையில் அரை மணி நேரம் நின்றால் இந்தக் கேள்வி தானாகப் போய்விடும். கடலுக்குப் போகிறவர்கள் வருகிறார்கள். ஈரக் கைக்கு டச் போன் மசியாது, நடுக்கடலில் டவரும் கிடையாது. கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளின் வாட்ச்மேன்கள் வருகிறார்கள். டச் போனைப் பிள்ளைகளிடம் பறிகொடுத்த தகப்பன்மார் வருகிறார்கள். நான் போனது என் மாமனாருக்காக. டச் போனைத் தொட்டாலே யாருக்காவது அழைப்பு போய்விடும் என்று பயப்படுகிறவர் அவர். பேரனின் பள்ளிக்கூட நடனத்தை அவருடைய பட்டன் போனில் ஏற்றித்தரக் கேட்டேன். வீடியோவின் அளவைப் பார்த்ததும் வரலட்சுமிக்குக் கோபம் வந்துவிட்டது.

"இம்மாம் பெருசா எட்த்துகினு வந்துகிறீங்களே சாரு, இது பட்டன் போனா, தேட்டரா?"

ஏற்றி முடித்ததும் அவர் ஒரு பரிசோதனை செய்வார். போனைக் கை நீளத்துக்கு விலக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திரையில் இருப்பவருக்கு மூக்கு எது வாய் எது என்று தெரிகிறதா பார்ப்பார். மூக்கு தெரிந்தால் தேறியது. கிரிக்கெட் வீடியோ கொண்டுவருகிறவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். "பந்து தெரியாது. அவுங்கோ ஓடறத வச்சி நீயே புரிஞ்சிக்கோ."

சினிமா என்றால் இன்னும் சிக்கல். கார்டில் இடம் இருக்காது. "சண்ட வோணுமா, பாட்டு வோணுமா? ரெண்டும் ஏறாது" என்று கேட்டுக்கொண்டு, மற்றதை வெட்டிவிடுவார். ஒரு தடவை கை தவறிக் கடைசிக் காட்சியையே வெட்டிவிட்டார். கடலிலிருந்து திரும்பிய ஆள், வலையைக்கூட இறக்காமல் நேராகக் கடைக்கு வந்து, வில்லன் செத்தானா இல்லையா என்று கேட்டிருக்கிறார். வரலட்சுமி கவுண்டரை விட்டு வெளியே வந்து, சார்ஜர் ஒயரைச் சுழற்றி, வில்லனாகவும் அவரே விழுந்து காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து சிலர், "கிளைமாக்ஸ் வேணாங்கா, நீயே சொல்லிடு" என்று கேட்டு வாங்கிப்போகிறார்கள்.

இதெல்லாம் சில்லறை. அவருடைய தொழிலில் மாற்ற முடியாத சட்டம் ஒன்று இருக்கிறது. டச் போனைப் படுக்கவைத்து எடுத்த வீடியோ அகலமாக இருக்கும். பட்டன் போனின் திரையோ ஏறக்குறையச் சதுரம். அகலமானதைச் சதுரத்துக்குள் முறையாக வைத்தால் மேலேயும் கீழேயும் கறுப்பாக ஒரு பட்டை விழும். உலகத்தில் எல்லாரும் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வரலட்சுமி விடமாட்டார்.

"கீறதே ரெண்டு வெரலு ஸ்கிரீனு. அதுல நல்லாக்கீற மனுசன நடுவுல வச்சி, மேல கறுப்பு, கீழ கறுப்பு போட்டா அது இன்னா சாரு? கண்ணீர் அஞ்சலி போஸ்டரு!"

சொல்லிவிட்டு, சுவரில் ஒட்டப்பட்டவர் மாதிரியே கண் கொட்டாமல் விறைத்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

காரணம் சந்திரம்மா. மீன் விற்கிறவர், நல்ல கனத்த சரீரம். தன் மகள் கல்யாணத்தைப் பட்டன் போனில் ஏற்றிப் போனவர், மகளும் மருமகனும் கறுப்புப் பட்டைகளுக்கு நடுவில் மாலையும் கழுத்துமாக நிற்பதைப் பார்த்து மீன் அங்காடியிலேயே ஓவென்று கத்திவிட்டாராம். வரலட்சுமி பதறிப்போய் வீடியோவை மேலும் கீழுமாக இழுத்து, திரை முழுக்க ரொப்பிக் கொடுத்தார். பட்டை போயிற்று. கூடவே அந்த வீடியோவில் இருந்த எல்லாருக்கும் இடுப்பும் வந்துவிட்டது. "இன்னாடி வரலச்சுமி, நானே கொமரியாட்டம் கீறனே!" என்று சந்திரம்மா பூரித்துப்போய், இன்று வரைக்கும் மீன் விற்கிற இடைவெளியில் அதைத்தான் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்.

அதன் பிறகு கோவளத்துப் பட்டன் போன்களில் குண்டான மனிதர் எவரும் இல்லை. மாமல்லபுரத்துக் கல் யானையை எடுத்துவந்த ஒருவருக்கு அது கொஞ்சம் காதகலமான குதிரையாகக் கிடைத்தது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ வந்தால் மட்டும் கதை தலைகீழ். அதைத் திரை முழுக்க ரொப்ப, அகலத்தில் இழுக்க வேண்டும். ஒல்லிக் குச்சிகளெல்லாம் கன்னம் உப்பி நிற்பார்கள். யாராவது முகம் சுளித்தால், "சாப்ட்ட களை தெரியிது, வுடு" என்பார். இதனால் ஆளின் உருவம் மாறிப்போகிறது என்று நான் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது விளங்கவே இல்லை.

"எத்தினி வருசமா பாத்துகினு கீறேன். எனக்கு ஆளு ஆளாத்தான் தெரியிது. உங்களுக்குத்தான் கண்ணுல கோளாறு."

உண்மைதான். நீட்டி நெளித்த வீடியோவைப் பார்த்தே ஆளின் நிஜமான அளவைச் சொல்லிவிடுவார். எல்லாருடைய கண்ணும் தன் கண் மாதிரிதான் என்று அவர் நினைத்துக்கொண்டதுதான் வினையாகப் போயிற்று.

வரலட்சுமிக்கு ஒரு தம்பி, கிருபாகரன். கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மற்ற ஆட்டோக்களில் டிரைவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் ஒட்டிக்கொண்டு வரலாம். கிருபாகரனின் ஆட்டோவில் முடியாது, அந்த இடத்தையும் அவரே நிரப்பிவிடுவார். குள்ளம், உருண்டை, எந்நேரமும் சிரித்த முகம். விரல்கள் தடிமன் என்பதால் டச் போனில் ஒன்றைத் தொட்டால் மூன்று திறக்கும். ஆகவே அவரிடமும் பட்டன் போன்தான். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்தவர் வரலட்சுமி. கணவர் லாரியோடு ஆந்திரா பக்கம் போய்விட்டால், தம்பிதான் வீட்டுக்கு ஆண்துணை. அவருக்குப் பெண் பார்த்த இடமெல்லாம் கேசரியும் பஜ்ஜியும் நன்றாக இருந்தன, பதில்தான் வரவில்லை. கடையில் அத்தனை வாய் பேசுகிற வரலட்சுமி இந்தப் பேச்சு வந்தால் மட்டும் குரலைத் தணித்துக்கொள்வார்.

"என் தம்பி தங்கம் சாரு. ஆனா தங்கத்த உருண்டையா யாரும் வாங்க மாட்டேன்றாங்கோ."

போன தை மாதம் ஒரு வரன் வந்தது. செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். பெண்ணின் பெயர் திவ்யா. செங்கல்பட்டில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. தகப்பனார் சின்னையனுக்குக் கட்டாயங்கள் சில இருந்தன. போட்டோவை அவர் நம்ப மாட்டார், வீடியோதான் வேண்டும். பேச்சு முடிவதற்குள் பெண்ணின் போனுக்கு ஆண்பிள்ளை வீடியோ நேராக வரக் கூடாது, தன் போனுக்குத்தான் வர வேண்டும். அவருடையது பட்டன் போன்.

வரலட்சுமிக்கு ஒரே குஷி. தம்பியை ஆட்டோ பக்கத்தில் நிறுத்தி, ஆட்டோவும் முழுசாகத் தெரியட்டும் என்று போனைப் படுக்கவைத்து எடுத்தார். வழக்கம்போலப் பட்டை இல்லாமல் ரொப்பி, கார்டைச் சொந்தக்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். பெண்ணின் வீடியோ அந்தச் சொந்தக்காரர் மூலமாகவே வரலட்சுமியின் டச் போனுக்கு வந்தது. அது நிமிர்த்திப் பிடித்து எடுத்தது. அதையும் திரை முழுக்க ரொப்பித் தம்பியின் போனில் ஏற்றினார். கிருபாகரன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதை ஓடவிட்டுப் பார்த்தார். பின்சீட்டுப் பயணிகளும் பார்த்தார்கள். "நம்மாட்டமே கீதுக்கா" என்று அக்காவிடம் வெட்கப்பட்டிருக்கிறார். சிரித்த முகத்தைத்தான் சொல்கிறார் என்று அக்கா எடுத்துக்கொண்டார்.

அந்தப் பக்கத்திலிருந்தும் தகவல் வந்தது. பையன் வாட்டசாட்டமாக இருக்கிறாராம், எல்லாருக்கும் திருப்தியாம், வரச் சொல்கிறார்களாம். எனக்கு அந்த 'வாட்டசாட்டம்' உறுத்தியது.

"குண்டுன்றத நாசூக்கா சொல்றாங்கோ சாரு. நல்ல மாரியான ஜனங்க" என்று வரலட்சுமி முடித்துவிட்டார். "உங்க காரு ஞாயித்துக்கெழம சும்மாதான நின்னுகினு கீது?"

நின்றுகொண்டுதான் இருந்தது. ஆக, திருப்போரூர் வழியாக நான் வண்டி ஓட்ட, முன்சீட்டில் மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் கிருபாகரன், பின்சீட்டில் பூ, பழத்தட்டுகளோடு வரலட்சுமி. வழியெல்லாம் அவர் பூப்பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். இந்த இடமும் தட்டிப்போனால் தம்பி இனிமேல் எங்கேயும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். கிளம்பும்போது என்னிடம் மெதுவாகச் சொல்லியிருந்தார்.

சின்னையன் வாசலிலேயே நின்று வரவேற்றார். வரலட்சுமியை வாங்க என்றார். என்னையும் வாங்க என்றார். கிருபாகரனின் கையிலிருந்த பழத்தட்டை வாங்கிக்கொண்டு, அவருடைய தலைக்கு மேலாகக் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"மாப்ள பின்னால வந்துகினு கீறாரா?"

"நாந்தாங்க" என்றார் கிருபாகரன்.

சின்னையன் இடுப்பிலிருந்து பட்டன் போனை எடுத்தார். வீடியோவைப் போட்டார். போனைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார். போனில் ஒரு பனைமரம் ஆட்டோ பக்கத்தில் விறைத்து நின்றது. பந்தலின் கீழே உட்கார்ந்திருந்த பங்காளிகள் எழுந்துவிட்டார்கள்.

"போட்டோல ஏமாத்துவாங்கோன்னுதாம்மா வீடியோ கேட்டேன்" என்றார் சின்னையன். போனை வரலட்சுமியிடம் நீட்டினார். "வீடியோலயே ஏமாத்திப்புட்டியே."

வில்லனாக விழுந்து நடித்த மனுஷி, கையில் பூப்பொட்டலத்தோடு கல்லாக நின்றார். அப்போது சத்தம் கேட்டுத் திவ்யா வாசலுக்கு வந்தார். நல்ல உயரம், நிலைப்படியில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்து வர வேண்டியிருந்தது. ஒற்றை நாடி உடம்பு. கிருபாகரன் அக்காவின் காதோரம் ரகசியம் பேசினார். ஆட்டோ ஓட்டிப் பழகிய தொண்டை, ரகசியம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"அக்கா, இது பொண்ணோட அக்காவா?"

"எனக்கு ஒரே பொண்ணுதான்யா!" என்று சின்னையன் கத்தினார்.

கிருபாகரன் தன் போனை எடுத்து நீட்டினார். சின்னையன் அதில் உப்பிப்போய் நின்றிருந்த மகளைப் பார்த்தார். "ஐயையோ, எம் புள்ளய யார்ரா இப்டி ஊதி வுட்டது?"

எல்லாருடைய கண்ணும் வரலட்சுமியிடம் வந்து நின்றது. அவர் பூப்பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னார். "யாரும் ஊதல மாமா. நாந்தான் ஸ்கிரீன ரொப்பினேன். ரொப்பலன்னா கறுப்புப் பட்ட வுழும். கண்ணீர் அஞ்சலி போஸ்டராட்டம் கீற வீடியோவ பொண்ணு வூட்டுக்கு எப்டிக் குட்த்தனுப்புவேன்? கல்யாணம் பேசற எடத்துல நானே என் தம்பிக்குப் பட்ட கட்டுவனா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதை எந்த ஊரில் ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து பெண்ணின் தாயார் லோகநாயகியின் குரல் வந்தது.

"அந்தம்மா சொல்றதும் ஞாயந்தான? நல்ல காரியத்துக்குக் கறுப்புப் பட்டயோட அனுப்பிச்சிருந்தா, நீயே கார்ட தூக்கி ஆத்துல போட்ருப்ப."

பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சின்னையனுக்கு உட்காரவும் மனசில்லை, நிற்கவும் மனசில்லை. திவ்யாதான் முன்னால் வந்து, "ஒரிஜினல் உங்க போன்ல கீதாங்க?" என்று கேட்டார்.

வரலட்சுமி டச் போனைக் கொடுத்தார். திவ்யா அதை நிமிர்த்திப் பிடித்தார். படுக்கவைத்து எடுத்த வீடியோ, நடுவில் சின்னதாக, இழுக்காமல் நசுக்காமல் ஓடியது. திரையில் மேலே ஒரு பங்கு கறுப்பு, கீழே ஒரு பங்கு கறுப்பு, நடுவில் ஒரு பங்குதான் ஆள். வரலட்சுமியின் கை தானாக நீண்டது.

"சாச்சிப் புடிம்மா, பட்ட தெரியாது."

திவ்யா சாய்க்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோவில் கிருபாகரன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். முகம் வீங்கிச் சிவக்கிறது. எடுத்து முடித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு மூச்சை விடுகிறார். வயிறு வெளியே வந்து பழைய இடத்தில் உட்காருகிறது. உடனே அக்காவைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு சிரிக்கிறார். இரண்டு விரல் திரையில் இதெல்லாம் யாருக்குத் தெரிந்திருக்கப் போகிறது? திவ்யா அதை இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நைனா, அந்த நெட்டையா கீறவர எனக்குப் புடிக்கவே இல்ல. நீ ஆசப்பட்டியேன்னுதான் சரின்னேன். இவுரு பரவால்ல" என்றார். அப்புறம் சற்றுக் குறைந்த குரலில், "மூச்ச வுட்டப்புறம் நல்லாக்கீறாரு" என்றார்.

யாரோ கிருபாகரனிடம் உனக்கு எப்படியப்பா என்று கேட்டார்கள். அவர் பெண்ணை அண்ணாந்து பார்த்தார். "கழுத்து வலிக்கும். பழகிடும்" என்றார்.

பந்தல் முழுக்கச் சிரிப்பு. சின்னையனும் சிரித்தார், ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. பங்காளிகள் எல்லாரும் நிஜமான வீடியோவைத் தங்கள் கண்ணால் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும், அப்புறம் யாரும் பேசக் கூடாது என்றார். ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது வீடியோ எதற்கு என்று எனக்குத் தோன்றியது. அது எனக்கு மட்டும்தான் தோன்றியது. டச் போன் கைமாறத் தொடங்கியது. ஒவ்வொருவரும் அதை நிமிர்த்தித்தான் பிடித்தார்கள். ஒவ்வொரு கையிலும் அந்தக் கறுப்பு மேலேயும் கீழேயும் வந்து நின்றது. பேச்சு முடிந்த மாதிரிதான், எல்லாருக்கும் முகம் மலர்ந்துதான் இருந்தது. வரலட்சுமிக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. ஆளுக்கு ஆள் போன் நகர நகர, அவருடைய கண்ணும் கூடவே நகர்ந்தது, கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

போன் அவர் பக்கத்தில் வந்தது. அடுத்துக் கொடுக்க வேண்டியது சின்னையனின் பெரியண்ணனுக்கு. வரலட்சுமி தம்பி சிரிக்கிற இடத்தில் வீடியோவை நிறுத்தினார். எதிரில் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் சந்தனக் கிண்ணம் இருந்தது. இரண்டு விரலால் கெட்டியாக வழித்து, கண்ணாடியின் மேலேயே, தம்பியின் தலைக்கு மேல் இருந்த கறுப்பு மறையும்படி ஒரு பூச்சு பூசினார். காலுக்குக் கீழே இருந்த கறுப்புக்கும் பூசினார். மிஞ்சியதைத் தன் கழுத்தில் தடவிக்கொண்டு, போனை இரண்டு கையாலும் ஏந்தி, நிமிர்த்தியே அந்தப் பெரியவரிடம் நீட்டினார்.